கேப் வெடிக்கிறது, குண்டு கிளம்பவில்லை: கருமருந்து பிஸ்டலில் கோளாறு கண்டுபிடிப்பது எப்படி

குதிரை (கேப்பை அடிக்கும் சுத்தியல்) விழுகிறது, "டப்" என்று கேப் (மருந்தைப் பற்றவைக்கும் சின்னச் செப்புக் குப்பி) மட்டும் வெடிக்கிறது, குண்டு குழலுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. அல்லது கேப்பே வெடிக்கவில்லை. இரண்டும் வேறு வேறு நோய். எது நடந்தது என்று பார்க்காமல் நிப்பிள் (கேப் உட்காரும், துளையுள்ள சின்னக் கூம்பு), கேப், மருந்து (குண்டைத் தள்ளும் கருப்பு வெடிமருந்து) எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால், எது சரிசெய்தது என்று கடைசிவரை தெரியாது. ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மருந்து நிரப்பும் முறை தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதலில், சுடாமல் போன அந்த நிமிடம்

குழலை இலக்குப் பக்கமே வைத்திருங்கள், குறைந்தது ஒரு நிமிடம். சுடுதளத்தில் இன்னும் அதிக நேரம் காத்திருக்கச் சொன்னால் அதுதான் கணக்கு. அடியில் ஒரு துகள் கனன்றுகொண்டிருந்தால் தாமதமாக வெடிக்கும். குழல் வாயை எட்டிப் பார்க்கவே கூடாது. நேரம் கழிந்த பிறகு, குழல் அதே திசையில் இருக்க, கேப் வெடித்திருந்தால் புதியது மாட்டி, வெடிக்காவிட்டால் அதே கேப்பிலேயே, இன்னொரு முறை சுடுங்கள். பாதிக் கோளாறுகள் அங்கேயே வெளிப்பட்டுவிடும்.

கேப்பே வெடிக்கவில்லை என்றால்

அதே கேப் இரண்டாவது அடியில் வெடித்ததா? அப்படியென்றால் முதல் அடியின் வேகம் முழுவதும் கேப்பை நிப்பிளின் மேல் கீழே தள்ளுவதிலேயே செலவாகியிருக்கிறது. கேப் அடிவரை உட்காரவில்லை. ஒரு மரக்குச்சியால் அழுத்தி உட்கார வையுங்கள். குதிரையை மெல்ல இறக்கி அதனால் அழுத்துவது வேண்டாம்.

அழுத்தியும் உட்காரவில்லை என்றால் அளவு பொருந்தவில்லை. 10, 11 என்று எண் போட்டிருந்தாலும் ஒரு நிறுவனத்தின் 11 இன்னொரு நிறுவனத்தின் 11 போலவே இருக்காது. இரண்டு மூன்று வகையில் ஒவ்வொரு டப்பி வாங்கிப் பொருத்திப் பார்ப்பதுதான் மலிவான வழி. நிப்பிளைக் கழற்றி, டிரில்லில் மாட்டிச் சுழலவிட்டு, கூம்பை 400 எண் எமரித் தாளால் கொஞ்சம் கொஞ்சமாக மெலிதாக்கலாம். நாலு சுற்றுக்கு ஒருமுறை கேப்பை வைத்துப் பார்க்க வேண்டும். கேப் லூஸாக இருந்தால் விரலால் நசுக்கி இறுக்குபவர்கள் உண்டு. உள்ளே இருப்பது அடிபட்டால் வெடிக்கும் மருந்து. சின்ன அளவு கேப் வாங்குங்கள்.

எத்தனை அடித்தாலும் வெடிக்கவில்லை என்றால் கேப்பின் தலையைப் பாருங்கள். பள்ளம் ஓரமாக விழுந்திருந்தால் குதிரை நேராக அடிக்கவில்லை. பள்ளம் ஆழமில்லை என்றால் குதிரையின் வேகம் எங்கேயோ குறைகிறது. ஸ்பிரிங்கைக் குறை சொல்வதற்கு முன், மருந்து இல்லாத துப்பாக்கியில் லாக்கை (குதிரையை இயக்கும் பொறி) பிடித்திருக்கும் திருகைக் கால் சுற்று தளர்த்துங்கள். குதிரை இப்போது விறுவிறுப்பாக விழுந்தால், திருகை அளவுக்கு மீறி இறுக்கியதால் லாக்கின் உள் பாகங்கள் துப்பாக்கியின் மரக்கட்டையில் உரசிக்கொண்டிருந்தன. லாக்கைக் கழற்றிப் பார்த்தால் உரசிய இடம் கட்டையில் பளபளவென்று தெரியும்.

புது நிப்பிள் போட்ட பிறகு இந்தத் தொல்லை வந்ததா? காலி நிப்பிளின் மேல் ஒரு மெல்லிய காகிதத் துண்டை வைத்துக் குதிரையை மெதுவாக இறக்குங்கள். காகிதத்தை இழுத்தால் பிடித்துக்கொள்ள வேண்டும். வழுக்கி வந்துவிட்டால் நிப்பிள் குட்டை. குதிரை அதைத் தொடுவதற்கு முன்பே வேறெங்கோ முட்டி நிற்கிறது.

கேப் வெடிக்கிறது, மருந்து பற்றவில்லை என்றால்

பெரும்பாலானவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். முதல் சுடுதலே தவறி, பிறகு ஒழுங்காக ஓடினால் காரணம், எடுத்து வைக்கும்போது பூசிய எண்ணெய். முதல் சில நன்றாகப் போய், பிறகு தவற ஆரம்பித்தால் மருந்து எரிந்து மிஞ்சிய கரி. இந்த ஒரு கேள்வியே பாதி வேலையை முடித்துவிடும்.

எண்ணெய் எங்கே ஒளிந்துகொள்கிறது? நிப்பிளுக்குக் கீழே, குழலின் அடிக்குப் போகும் பொறித்துளையில். பல பிஸ்டல்களில் இது நேராகப் போகாது, நடுவில் திரும்பும். குழலை எவ்வளவு துடைத்தாலும் அந்தத் திருப்பத்துக்குத் துணி போகாது. நிப்பிளைக் கழற்றி, ஆல்கஹாலில் நனைத்த பைப் கிளீனரை (பஞ்சிழை சுற்றிய மெல்லிய கம்பி) உள்ளே விட்டு எடுங்கள். பழுப்பாக வந்தால், வெள்ளையாக வரும்வரை புதியதை மாற்றிக்கொண்டே இருங்கள். பக்கவாட்டில் சுத்தம் செய்வதற்கான சின்னத் திருகு இருந்தால் அதையும் கழற்றலாம்.

நிப்பிளைத் திரும்பப் போட்ட பின், மருந்து நிரப்புவதற்கு முன்னால், குழல் காலி என்று கெஜக்கோல் (குண்டை உள்ளே தள்ளும் கோல்) விட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். கோலை வெளியே எடுத்துவிட்டு, சுடுதளத்தில் தரையில் கிடக்கும் ஒரு காய்ந்த இலையின் பக்கமாகக் குழல் வாயைக் காட்டி ஒரு கேப் வெடியுங்கள். இலை துள்ளினால் வழி திறந்திருக்கிறது. அசையாவிட்டால் மறுபடியும் பைப் கிளீனர். துள்ளியபின் உலர்ந்த துணி ஒன்றை அடிவரை இறக்கி எடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கோடு வந்தால் இன்னும் துடைக்க வேண்டும்.

அடுத்தது கரி. கருமருந்து எரிந்தபின் மிஞ்சும் உப்புகள் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் குழைந்துவிடும். சொட்டச் சொட்ட நனைத்த துணியை இறுக்கமாக உள்ளே தள்ளினால், அந்தக் குழைவு மொத்தத்தையும் பொறித்துளையின் வாயில் கொண்டுபோய் அடைப்பீர்கள். சுடுதலுக்கு இடையே துடைக்கத் துணி ஈரப்பதமாக இருந்தால் போதும், நனையக் கூடாது. துணி மாட்டும் முனை குழலைவிடச் சற்று ஒல்லியாக இருக்கட்டும்: போகும்போது கரியின் மேல் வழுக்கிப் போய், வரும்போது சுருங்கி அள்ளிக்கொண்டு வரும்.

மருந்து ஊற்றும்போது கேப் இருக்கவே கூடாது, குதிரை பாதி இழுத்த நிலையில் நிற்கட்டும். நிப்பிள் துளை திறந்திருந்தால் காற்று வெளியேறும், மருந்து பொறித்துளைக்கு அருகே வரும். ஊற்றியபின் லாக் பக்கம் சாய்த்து இரண்டு தட்டு தட்டுங்கள்.

பிஸ்டலுக்கு 3 எஃப் (நுண்துகள் வகை) அசல் கருமருந்துதான் என் தேர்வு. பைரோடெக்ஸ் போன்ற மாற்றுப் பொடிகள் பற்றுவதற்கு அதிக வெப்பம் வேண்டும். பலவீனமான கேப்பும் நீண்ட பொறித்துளையும் சேர்ந்தால் ஏமாற்றும். மேக்னம் கேப் (அதிக வெப்பம் தரும் வகை) உதவும்தான், ஆனால் அழுக்கை மறைக்க அதைப் போடாதீர்கள். புகையில்லா மருந்தை (நவீனத் தோட்டாக்களில் இருக்கும் வகை) இந்தத் துப்பாக்கியில் ஒரு துகள்கூடப் போடக் கூடாது.

நிப்பிள் துளையைக் குத்த கிட்டாரின் மிக மெல்லிய கம்பி போதும். டிரில் பிட் விட்டால் துளை பெரிதாகும். பெரிதான துளை வழியே வாயு பின்னால் அடித்துக் குதிரையையே தூக்கிவிடும். அப்படித் தூக்குகிறது என்றால் நிப்பிளை மாற்றும் நேரம். மாற்றும்போது மரையைப் பாருங்கள்: கால் அங்குலம் 28 மரை (அங்குலத்துக்கு 28 சுற்று) என்பது 6.35 மி.மீ. தடிமன், மெட்ரிக் வகை 6 மி.மீ. கண்ணுக்கு ஒன்றுபோல் இருக்கும். சின்னது பெரிய துளைக்குள் லொடலொடவென்று நுழைந்தும்விடும், சுடும்போது தெறித்து வரும்.

குண்டு மட்டும் இருக்கிறது, மருந்தே இல்லை

எல்லாருக்கும் ஒருநாள் நடக்கும். கெஜக்கோலில் இரண்டு கோடு போட்டு வையுங்கள், காலியாக இருக்கும்போது ஒன்று, சரியாக நிரப்பியபோது ஒன்று. மருந்து மறந்திருந்தால் கோல் நிரப்பிய கோட்டைவிடக் கீழே போகும். நிப்பிளைக் கழற்றி, துளை வழியே 4 அல்லது 5 கிரெய்ன் 3 எஃப் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டி இறக்குங்கள். ஒரு கிரெய்ன் 0.065 கிராம், ஆக மொத்தம் சிட்டிகைதான். நிப்பிளைப் போட்டு, குண்டு மருந்தோடு ஒட்டி இருக்கிறதா என்று கோலால் அழுத்திப் பார்த்து, கோலை வெளியே எடுத்தபின் கேப் மாட்டி, இலக்கை நோக்கிச் சுடுங்கள். குண்டு பாதியில் நின்றால் மறுபடி சுடுவதற்கு முன் மருந்தின் மேல் முழுதாக இறக்கியே ஆக வேண்டும். இடைவெளி இருந்தால் குழல் வீங்கிவிடும்.

பின்சேர்க்கை

மேலே சொன்ன எல்லாம் செய்தும் ஒவ்வொரு முறையும் முதல் சுடுதல் தவறுகிறதா? பிஸ்டலை எப்படி வைத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். குழல் வாய் மேலே பார்க்க நிறுத்தினால், பூசிய எண்ணெய் முழுவதும் வழிந்து அடியில் தேங்கும். வாய் கீழே பார்க்க, ஒரு பழந்துணியின் மேல் நிறுத்துங்கள்.

ரிவால்வர் வைத்திருப்பவர்களுக்கு: வெடித்த கேப்பின் செப்புச் சிதறல் குதிரைக்கு முன்னால் இருக்கும் இடுக்கில் விழுந்து, குதிரையை முழுதாக விழவிடாமல் தடுக்கும். அங்கேயும் அதே ஒரு நிமிடக் காத்திருப்பு உண்டு, அதன்பிறகே சிலிண்டரைச் சுழற்றலாம். சிதறலை எடுக்கக் குறுகிய மூக்குள்ள ட்வீசர் போதும், எடுக்கும்போது குழல் இலக்கைப் பார்த்தே இருக்கட்டும்.