உலைக்கு முன் ஒரு பிடி

திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகள் பலவற்றில் அடுப்பங்கரையில் ஒரு சிறு பானை தனியாக இருந்தது. சில வீடுகளில் இன்றும் இருக்கிறது. சோற்றுக்கு அரிசியை அளந்தவுடன், அதைக் களைவதற்கு முன்பே அதிலிருந்து ஒரு பிடி எடுத்து அந்தப் பானையில் போடுவார்கள். பானை நிறைந்ததும் அரிசி ஆலயத்துக்குப் போகும். பிடி அரிசிக் காணிக்கை என்று அதற்குப் பெயர். என் ஆச்சி அந்தப் பிடியைப் போடும்போது வாய்க்குள் ஏதோ ஒரு பெயரைச் சொல்லுவார். அன்று யாருக்காக ஜெபிக்கிறாரோ அவருடைய பெயர் அது என்பதைப் பிற்பாடுதான் அறிந்தேன்.

அன்றாட வாழ்வில் விசுவாசம் வளர வேண்டும் என்று விரும்புகிறவர்கள் இந்தப் பழக்கத்திலிருந்து தொடங்குவது நல்லது என்பது என் கருத்து. மிஞ்சியதிலிருந்து எடுக்காமல் முதலிலேயே எடுப்பது, எப்படியும் நடக்கப்போகிற ஒரு வேலையோடு அதைச் சேர்த்துக் கட்டிவைப்பது, கையால் செய்து முடிக்கக் கூடிய அளவுக்குச் சிறியதாக வைத்துக்கொள்வது ஆகிய மூன்றும் அதில் அடங்கியிருக்கின்றன. 1874-இல் வெள்ளாளன்விளையில் பிறந்து, 1912-இல் தோர்ணக்கல்லின் பேராயராக அபிஷேகம் பெற்ற வே. ச. அசரியா, 1903-இல் மற்றவர்களோடு சேர்ந்து இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கியபோது, அயல்நாட்டுப் பணத்தை எதிர்பாராமல் நம்முடைய சபைகளின் காணிக்கையைக் கொண்டே ஊழியத்தை நடத்த முடியும் என்று துணிந்தார். அந்தத் துணிவுக்குப் பின்னால் எளிய வீடுகளின் சிறிய காணிக்கைகள் இருந்தன என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

வேத வாசிப்பையும் இதே முறையில் அமைத்துக்கொள்ளலாம். காலையில் கைபேசியைத் தொடுவதற்கு முன் வேதாகமத்தைத் திறப்பது என்று முடிவுசெய்து, இரவிலேயே கைபேசியை வேறு அறையில் வைத்துவிட்டு, வாசிக்க வேண்டிய இடத்தில் நாடாவை இட்டு வையுங்கள். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு 16 அதிகாரங்கள் மட்டுமே கொண்ட மாற்கு சுவிசேஷம் ஏற்றது. சங்கீதங்கள் 150 என்பதால் நாளுக்கு ஐந்து வீதம் ஒரே மாதத்தில் முடித்துவிடலாம். 176 வசனங்கள் கொண்ட 119-ஆம் சங்கீதத்தை மட்டும் ஒதுக்கி, 31-ஆம் நாள் வரும் மாதத்தில் அந்த நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். வாசித்து முடித்தபின் ‘இன்று இதற்காக நான் என்ன செய்ய வேண்டும்?’ என்று கேட்டு, ஒரே ஒரு செயலைக் குறித்துக்கொண்டால் போதும்.

குடும்ப ஜெபத்தைக் குறுகியதாக வைத்துக்கொள்ளுங்கள் என்று கட்டாயம் சொல்லுவேன். தகப்பன் நீளமாக ஜெபித்து, பிள்ளைகள் சுவரில் சாய்ந்து தூங்கும் ஜெபத்தால் யாருக்கும் பயன் இல்லை. ஒரு கீர்த்தனை, பத்து வசனங்கள், ஒவ்வொருவரும் ஒரு பெயரைச் சொல்லி ஒரு விண்ணப்பம் என்று கால் மணி நேரத்தில் முடித்துவிடலாம். வசனங்களைப் பிள்ளைகளே வாசிக்கட்டும். பழைய மொழிபெயர்ப்பின் சொற்களில் தடுமாறினால், அங்கேயே நிறுத்திப் பொருள் சொல்லுங்கள்.

எங்கள் வீட்டில் அப்படி ஒரு மாலையில் ஏழு வயது மகள் மத்தேயு 5-ஆம் அதிகாரத்தை வாசித்துக்கொண்டு வந்தவள், ‘ஒப்புரவாகி’ என்ற சொல்லில் நின்று, “அப்படின்னா என்னப்பா?” என்று கேட்டாள். மனஸ்தாபம் உள்ளவனோடு சமாதானமாவது என்று பதில் சொன்னேன். “அப்போ சித்தப்பாகிட்டப் பேசுவீங்களா?” என்றாள். வேலித் தகராறில் தம்பியோடு எட்டு மாதங்களாக நான் பேசவில்லை. அந்த எட்டு மாதமும் ஞாயிறு தவறாமல் காணிக்கை போட்டிருக்கிறேன், திருவிருந்திலும் பங்கெடுத்திருக்கிறேன். காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் சகோதரனிடம் போ என்ற கட்டளையை எத்தனையோ முறை கேட்டவன், அதைச் செய்ய வேண்டும் என்று அதுவரை நினைத்ததே இல்லை.

ஆகவே இந்தக் காரியத்தில் அனுபவித்ததைச் சொல்லுகிறேன். ஞாயிற்றுக்கிழமைக்கு முன், சனிக்கிழமை மாலைக்குள் போய்விடுங்கள். சாட்சிக்கு யாரையும் அழைத்துச் செல்லாதீர்கள். வழக்கின் கணக்கைப் பேசுவதற்கு முன், உங்கள் பக்கத்துத் தவறை மட்டும், ‘ஆனால்’ என்ற சொல் சேராமல், சொல்லி முடியுங்கள். உடனே மன்னிப்பு கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். என் தம்பி நெடுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “காப்பி குடிச்சிட்டுப் போண்ணே” என்று மட்டும் சொன்னான். வேலி விவகாரம் முடிய இன்னும் மூன்று மாதங்கள் ஆயின. ஆனால் அதை இருவரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசி முடித்தோம்.

கூலியிலும் இதே கண்டிப்பு வேண்டும். கூலிக்காரனுடைய கூலி விடியற்காலம் வரை உன்னிடத்தில் இருக்கலாகாது என்று லேவியராகமம் 19-ஆம் அதிகாரம் சொல்லுகிறது. வீட்டில் பாத்திரம் துலக்கும் அக்காவுக்கும் தென்னை ஏறும் அண்ணனுக்கும் சில்லறை இல்லை என்று மறுநாளைக்குத் தள்ளிவைத்துவிட்டு உபவாசம் இருப்பதைவிட, அன்றைக்கே பணத்தை மாற்றிக் கொடுத்துவிட்டுச் சாப்பிடுவது மேலானது என்று நம்புகிறேன். நோயாளியைப் பார்க்கப் போகும்போதும் ஜெபித்துவிட்டு எழுந்து வராமல், மருந்து வாங்கியாயிற்றா, இரவில் துணைக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு எழுந்திருங்கள்.

இவற்றில் எதுவும் நாள் தவறாமல் நடந்துவிடாது. காய்ச்சலிலும், அலைச்சலிலும், மனம் வறண்டு கிடக்கும் வாரங்களிலும் வாசிப்பும் ஜெபமும் விட்டுப்போகும். விட்ட அதிகாரங்களை எல்லாம் சேர்த்து வாசிக்க முயன்று, அந்தப் பாரத்தினாலேயே மொத்தமாக நிறுத்திவிட்டவர்களை அறிவேன். ஊருக்குப் போய் நான்கு நாள் கழித்துத் திரும்பி வந்த ஆச்சி, விட்டுப்போன நாட்களுக்கென்று பானையில் அரிசியை அள்ளிக் கொட்டியதில்லை. அன்றைய உலைக்கு அரிசியை அளந்தார், அதிலிருந்து ஒரு பிடி எடுத்துப் போட்டு, ஒரு பெயரைச் சொன்னார்.