மலை இல்லாத ஊரில் மவுண்டன் பைக் வாங்குவது எப்படி?

மவுண்டன் பைக் வாங்கப் போகிறேன் என்று மட்டக்களப்பில் சொன்னால் முதலில் வரும் கேள்வி, "இங்க மலை எங்க இருக்கு?" என்பதுதான். கேட்பவரைக் குறை சொல்ல முடியாது. வாகரையிலிருந்து பொத்துவில் வரை கரையோரம் ஏறக்குறையத் தட்டையான நிலம். ஆனால் மண்முனைப் பாலம் தாண்டிப் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக்குள் இறங்கிப் பாருங்கள். கிறவல் பாதை, வாய்க்கால் ஓரம், குளக்கட்டு என்று தார் இல்லாத வழிதான் அதிகம். இன்னும் வடமேற்கே குடும்பிமலைப் பக்கம் போனால் மலையும் இருக்கிறது. இந்தப் பாதைகளுக்குச் சாதாரண சைக்கிள் ஓடும், ஆனால் உடம்பு தாங்காது.

இது முதல்முறையாக வாங்குபவர்களுக்கான விளக்கம். மிக மலிவும் இல்லை, பந்தயக்காரர் விலையும் இல்லை, நடுத்தரமான பட்ஜெட். அந்தப் பட்ஜெட்டில் எல்லாமே நல்லதாகக் கிடைக்காது. எனவே ஃபிரேம், பிரேக், டயர் மூன்றுக்கும் சல்லியைப் போடுங்கள், மற்றதில் விட்டுக்கொடுங்கள். கீழே உள்ளதெல்லாம் இந்தக் கணக்கின்படிதான்.

படி 1: எங்கே ஓடப்போகிறீர்கள்?

கல்லடி, காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி என்று தார் வீதியில்தான் முக்கால்வாசி ஓட்டம் என்றால் உங்களுக்கு மவுண்டன் பைக் தேவையில்லை. குலுக்கலைத் தாங்கும் ஷொக் இல்லாத, 40 மி.மீ. அளவு டயர் போட்ட சைக்கிள் இதைவிட வேகமாக ஓடும், விலையும் குறைவு. கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளி, உன்னிச்சை, புலிபாய்ந்தகல், அம்பாறையில் இங்கினியாகலை, தெற்கே பாணமை தாண்டி உகந்தைப் பக்கம் என்று உங்கள் மனதில் ஓடுகிறதா? அப்படியானால் தொடர்ந்து வாசியுங்கள். (காட்டோரப் பாதைகளில் விடியற்காலையும் மாலை மங்கும் நேரமும் யானை நடமாடும் நேரம். எவ்வளவு நல்ல பிரேக் இருந்தாலும் அந்த நேரத்தில் போகாதீர்கள்.)

படி 2: சல்லியை முதலே பிரித்து வையுங்கள்

கையில் இருப்பதை நூறாக வைத்தால் எண்பதுதான் சைக்கிளுக்கு. மீதி இருபது ஹெல்மெட், பம்பி, மேலதிக டியூப், லைட், பூட்டு, சிறு கருவிகள் என்று போய்விடும். கடைக்காரர் நூறையும் சைக்கிளுக்கே போடச் சொல்வார். மாட்டேன் என்று சொல்லப் பழகுங்கள்.

படி 3: பின் ஷொக் வேண்டாம்

முன்னும் பின்னும் ஷொக் வைத்த சைக்கிள் பார்க்கக் கம்பீரமாக இருக்கும். நடுத்தர விலையில் அது வேண்டவே வேண்டாம். பின் ஷொக்குக்குப் பல மூட்டுகள், ஒவ்வொன்றிலும் பெயரிங். அவ்வளவையும் குறைந்த விலைக்குள் அடக்க வேண்டுமென்றால் பிரேக்கிலும் கியரிலும் சில்லிலும்தான் கை வைப்பார்கள். பாரமும் கூடும், மிதிக்கும் பலத்தில் ஒரு பங்கை அந்த ஸ்பிரிங்கே விழுங்கிவிடும். முன்னுக்கு மட்டும் ஷொக் உள்ள சைக்கிளை ஹார்ட்டெயில் என்பார்கள். நமக்கு அதுதான்.

படி 4: ஃபிரேமை நிதானமாகப் பாருங்கள்

டயர், கியர், பிரேக், சீற் எல்லாவற்றையும் பிறகு மாற்றலாம். ஃபிரேமை மாற்றினால் அது வேறு சைக்கிள். அதனால் கடையில் அதிக நேரம் இங்கேதான் போக வேண்டும்.

பழைய மவுண்டன் பைக்குக்கும் இன்றையதற்கும் பெரிய வித்தியாசம் அதன் கோணங்களில் இருக்கிறது. முன்சில்லைப் பிடித்திருக்கும் கவை, அதாவது முன் ஃபோர்க், நிலத்தோடு சாய்ந்து நிற்கும் கோணத்தை ஹெட் ஆங்கிள் என்பார்கள். முன்பெல்லாம் இது 70, 71 பாகையாக, கிட்டத்தட்ட நிமிர்ந்து நிற்கும். இப்போது 65 முதல் 68 வரை சாய்ந்திருக்கும். முன்சில்லு உங்களிடமிருந்து சற்றுத் தள்ளி ஓடுவதால், குளக்கட்டிலிருந்து சரிவில் இறங்கும்போதும் இளகிய கிறவலில் திரும்பும்போதும் சில்லு சட்டென்று மடங்காது. நம் பக்கத்து நிலத்துக்கு 66, 67 போதும். அதைவிடச் சாய்ந்தால் தட்டை வீதியில் மெதுவாகப் போகும்போது முன்பக்கம் அங்குமிங்கும் அலையும்.

கோணத்தைக் கடையில் அளக்க முடியாது. தயாரிப்பாளரின் இணையப் பக்கத்தில் அந்த மாடலின் அளவு அட்டவணை இருக்கும். கடையில் ஒரு அளவு நாடா போதும். ஹாண்டிலை ஃபிரேமோடு இணைக்கும் குட்டைத் துண்டு, அதாவது ஸ்டெம், 60 மி.மீ.க்குள் இருக்கிறதா? ஹாண்டில் 720 முதல் 780 மி.மீ. அகலம் இருக்கிறதா? இரண்டும் சரியென்றால் அது பெரும்பாலும் புதிய வடிவமைப்பு. 90 மி.மீ. ஸ்டெம்மும் ஒடுங்கிய ஹாண்டிலும் கண்டால், புதுப் பெயின்ட் பூசிய பழைய வடிவம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஃபிரேமின் முன்கழுத்தைப் பாருங்கள். மேலே ஒடுங்கி, கீழே தடித்திருந்தால் பின்னாளில் நல்ல ஷொக் ஒன்றைப் பூட்டலாம். மேலும் கீழும் ஒரே தடிப்பு என்றால் இன்று சந்தையில் உள்ள நல்ல ஷொக்குகளில் பெரும்பாலானவை அதில் ஏறாது. சில்லைப் பிடிக்கும் அச்சையும் கவனியுங்கள். மெல்லிய கம்பியும் நெம்புகோலும் இருந்தால் பழைய முறை. முன்னால் 15, பின்னால் 12 மி.மீ. தடித்த அச்சு ஊடுருவிப் போனால் அது த்ரூ ஆக்சில். ஒரே விலையில் இரண்டு சைக்கிள் நின்று, ஒன்றில் மட்டும் த்ரூ ஆக்சில் இருந்தால் யோசிக்காமல் அதை எடுங்கள்.

அலுமினியம் போதும். நடுத்தர விலையில் கார்பன் தேடாதீர்கள். மலிவு இரும்பு ஃபிரேம் கடற்காற்றில் உள்ளிருந்தே துருப்பிடிக்கும்.

படி 5: முன் ஷொக்

100 முதல் 120 மி.மீ. அசைவு போதும். நடுத்தர விலையில் இரண்டு வகை வரும்: உள்ளே ஸ்பிரிங், அல்லது காற்று. சன்டூர் எக்ஸ்சிடி போன்ற தொடக்க நிலை ஸ்பிரிங் ஷொக்கின் குறை என்னவென்றால், அது ஒரு சராசரி உடல் எடைக்குச் செய்தது. 55 கிலோக்காரர் ஏறினால் அது அசையவே யோசிக்கும். காற்று ஷொக்கில் உங்கள் எடைக்கேற்பக் காற்றைக் கூட்டிக் குறைக்கலாம். விலை எட்டினால் காற்றையே எடுங்கள்.

சரியாக அமைந்ததா என்று பார்ப்பது சுலபம். ஷொக்கின் பளபளக்கும் குழாயில் ஒரு றப்பர் பான்டைச் சுற்றி, கீழே சீலோடு (தூசு புகாமல் தடுக்கும் வளையம்) ஒட்டித் தள்ளிவிடுங்கள். ஆடாமல் ஏறி, ஓடும் நிலையில் இருந்துவிட்டு மெதுவாக இறங்குங்கள். 100 மி.மீ. ஷொக்கில் பான்ட் 15 முதல் 25 மி.மீ. வரை மேலே நகர்ந்திருக்க வேண்டும். கொஞ்சமும் நகரவில்லை என்றால் அந்த ஷொக் உங்களுக்கு வெறும் பாரம்தான்.

படி 6: பிரேக்

எண்ணெயில் வேலை செய்யும் ஹைட்ராலிக் டிஸ்க். ஷிமானோ எம்டி200, டெக்ட்ரோ எம்275 போன்ற அடிப்படை மாடல்களே போதும். கேபிளில் இழுக்கும் டிஸ்க்கை எந்தக் கடையிலும் திருத்தலாம் என்பது உண்மை. ஆனால் மாரியில் சேறும் மற்ற நாட்களில் உப்பும் கேபிளுக்குள் புகுந்து இறுக்கிவிடும். எந்தக் கைப்பிடி முன் பிரேக் என்பதையும் ஏறுமுன் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த சில சைக்கிள்களில் இடம் மாறியிருக்கும்.

படி 7: கியரின் எண்ணிக்கையில் மயங்காதீர்கள்

"21 கியர்" என்ற ஸ்டிக்கர் பெரிதாக ஒட்டியிருந்தால் எச்சரிக்கையாகுங்கள். முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் ஏழு. அதில் பாதி ஒன்றையொன்று ஒத்தது. இன்றைய முறை முன்னால் ஒன்றே ஒன்று, பின்னால் 9 முதல் 12. முன் கியர் மாற்றி இல்லாததால் பழுதாகும் சாமான் ஒன்று குறைகிறது.

ஒரு சக்கரம் என்றால் தார் வீதியில் வேகம் போகாதே என்பார்கள். கணக்குப் போடுவோம். முன்னால் 32 பல், பின்னால் 11 பல், 29 அங்குலச் சில்லு. நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தால் மணிக்கு ஏறத்தாழ 32 கி.மீ. கச்சான் காற்று எதிரே அடிக்கும் நாளில் அந்த வேகத்தை நீங்கள் எட்டவே மாட்டீர்கள், சரிதானே?

முக்கியமான விஷயம் பின்சில்லின் நடுவில் இருக்கிறது. பல்சக்கரத் தொகுதி இரண்டு விதமாக வரும். ஃப்ரீவீல் என்பது சில்லின் நடுத்துண்டான ஹப்பில் திருகி ஏற்றுவது. அதில் வலப்பக்கப் பெயரிங் உள்ளே தள்ளி இருப்பதால், அச்சின் ஒரு முனை தாங்கலில்லாமல் நீண்டு நிற்கும். குழியில் விழுந்து விழுந்து வளையும், உடையும். கேசட் வகையில் பெயரிங் வெளி முனைக்குக் கிட்ட இருக்கும், அச்சு தாங்கும். கடையில் கண்டுபிடிக்க, பல்சக்கரத்தைப் பின்பக்கமாகச் சுற்றிவிட்டு, ஆகச் சிறிய சக்கரத்தின் நடுவில் உள்ள வளையத்தைப் பாருங்கள். வளையமும் சேர்ந்து சுற்றினால் கேசட். வளையம் அசையாமல் நிற்க, பற்கள் மட்டும் சுற்றினால் ஃப்ரீவீல். ஃப்ரீவீல் என்றால் அந்தச் சைக்கிளை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

கியர் மாற்றிகளில் ஷிமானோ டியோரே, 2023இல் வந்த க்யூஸ், மைக்ரோஷிஃப்ட் அட்வென்ட் மூன்றும் நல்ல தெரிவு. அட்வென்ட் 9 கியர்தான், ஆனால் செயின் துள்ளாமல் பிடிக்கும் கிளச் இருக்கிறது. 12 கியர் டியோரேக்குத் தனி வகை ஹப் வேண்டும், உதிரிகளும் விலை கூட. நம் ஊருக்கு 9, 10, 11 போதும். 9 கியர் செயின் தேடி அலைய வேண்டியும் வராது.

படி 8: சில்லும் டயரும்

29 அங்குலம். மணலிலும் குழியிலும் பெரிய சில்லு லேசாக உருண்டு போகும். உயரம் குறைந்தவர்களுக்கு 27.5. புதிதாக 26 வாங்காதீர்கள், அந்த அளவில் நல்ல டயரும் ஷொக்கும் அருகிக்கொண்டே வருகின்றன.

டயர் அகலம் 2.25 முதல் 2.4. காற்று விஷயத்தில்தான் பலரும் பழைய பழக்கத்தை விடமாட்டார்கள், கல்லுப்போல அடிப்பார்கள். 65 கிலோ எடையுள்ளவருக்குத் தாரில் 35, கிறவலில் 25 முதல் 28 பிஎஸ்ஐ போதும். கடற்கரை மணலில் இன்னும் குறைத்து, திரும்பும்போது மறக்காமல் அடியுங்கள். குறைந்த காற்றோடு கல்லில் ஏறினால் ரிம் அடிபடும். வால்வு மோட்டார் சைக்கிளில் உள்ளதைப் போன்ற தடித்த வகையா என்று பாருங்கள். மெல்லிய பிரெஸ்டா வகை என்றால் ஒரு அடாப்டர் வாங்கிப் பையில் போட்டால் எந்தக் கடையிலும் காற்று அடிக்கலாம்.

நெருஞ்சி முள்ளைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ரிம்மில் டியூப்லெஸ் ரெடி என்று எழுதியிருந்தால், பின்னாளில் டியூப்பைக் கழற்றிவிட்டு உள்ளே ஒட்டும் திரவம் ஊற்றலாம்; சிறு முள் குத்தினால் தானே அடைத்துக்கொள்ளும். நம் வெயிலுக்கு அந்தத் திரவம் சீக்கிரம் காயும், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்.

படி 9: உங்கள் அளவு

பொதுவாக 165 செ.மீ.க்குக் கீழே எஸ், 165 முதல் 178 வரை எம், அதற்கு மேல் எல். கம்பனிக்குக் கம்பனி மாறும். சைக்கிளின் மேல் நின்றால் குறுக்குக் குழாய்க்கும் உங்களுக்கும் இடையில் மூன்று நான்கு விரல் இடைவெளி வேண்டும். இரண்டு அளவுக்கு நடுவில் இருந்தால் சிறியதை எடுங்கள், மணலில் திருப்ப அதுதான் லேசு. "வளர்ற பிள்ளைதானே" என்று பெரிய சைக்கிள் வாங்கிக் கொடுப்பதை மட்டும் செய்யாதீர்கள்.

படி 10: வாங்குமுன் உங்கள் சைக்கிள் கடைக்காரரிடம் பேசுங்கள்

விற்கும் கடையைச் சொல்லவில்லை, உங்கள் சந்தியில் ஒட்டுப்போடுகிறவரை. "அண்ணன், கேசட் கழற்றுற சாவி இருக்கா? ஹைட்ராலிக் பிரேக்குக்கு எண்ணெய் மாத்துவீங்களா?" என்று கேளுங்கள். இல்லை என்றால், யாரிடம் போவது என்று அவருக்கே தெரிந்திருக்கும். சாவியை நீங்களே வாங்கிக் கொடுத்தாலும் பெரிய செலவில்லை. பின் கியர் மாற்றி தொங்கும் சிறு உலோகத் துண்டு, ஹாங்கர், ஒவ்வொரு ஃபிரேமுக்கும் வேறுபடலாம். சைக்கிள் விழுந்தால் முதலில் வளைவது அதுதான். வாங்கும் அன்றே மேலதிகமாக ஒன்று கேட்டு வாங்குங்கள்.

பழைய சைக்கிள் என்றால்

அதே சல்லிக்கு ஒரு படி மேலான சைக்கிள் கிடைக்கும். ஆனால் கரையோரத்தில் ஓடியதா என்று பாருங்கள். சீற் கம்பு மேலே கீழே அசைகிறதா? உப்பில் இறுகியிருந்தால் கழற்றவே முடியாது. ஷொக் குழாயில் நகத்தை ஓட்டிப் பாருங்கள்; புள்ளி புள்ளியாகத் தட்டினால் துரு சீலைத் தின்றிருக்கும். ஒட்டிணைப்புகளில் மெல்லிய கோடு தெரிந்தால் அது வெடிப்பாக இருக்கலாம், விலகிவிடுங்கள். பெடல் அச்சுக்கு அடியில் உள்ள தொடரிலக்கத்தைப் படம் எடுத்து, பற்றுச்சீட்டோடு ஒத்துப் பாருங்கள். பற்றுச்சீட்டு இல்லை என்றால் எழுத்தில் ஒரு கடிதமாவது வாங்குங்கள்.

வாங்கிய முதல் மாதம்

புதுச் சில்லின் கம்பிகள் சற்று இளகும். சில வாரம் ஓடியதும் ஒருமுறை இறுக்கக் கொடுங்கள், அதோடு எல்லாத் திருகாணிகளையும் பார்க்கச் சொல்லுங்கள். கடற்கரைக்குப் போய்வந்த அன்றே வாளித் தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவுங்கள். அழுத்தமான குழாய்த் தண்ணீரைப் பெயரிங் பக்கம் பாய்ச்ச வேண்டாம். செயினைத் துணியால் துடைத்து, காய்ந்த பிறகு எண்ணெய் விடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், மணலை எல்லாம் சேர்த்து அரைக்கும். செயின் எண்ணெய் ஒரு துளி ஒரு கண்ணிக்கு, மேலே வழிந்ததைத் துடைத்துவிடுங்கள். டிஸ்க்கில் மட்டும் எந்த எண்ணெயும் படக்கூடாது.