டென்ஷனைக் குறைக்கிறேன் என்று கூட்டிவிடாதீர்கள்

பெங்களூரில் செகண்ட் பியூசி, அதாவது பிளஸ் டூ, படிக்கிற பிள்ளை இருக்கும் வீட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும். டிவி வாயடைத்துக் கிடக்கும், ஊர்க் கல்யாணத்துக்கு அப்பா மட்டும் போய்த் தலையைக் காட்டிவிட்டு வருவார். போர்டு பரீட்சை போதாதென்று சிஇடி, நீட், ஜேஇஇ என்று நுழைவுத் தேர்வுகள் வேறு. பிள்ளைக்கு டென்ஷன் இல்லாவிட்டால்தான் ஆச்சரியம்.

டெஸ்ட் அன்று காலையில் "வயிறு வலிக்குதும்மா" என்றால் பல வீடுகளில் வரும் பதில், "நடிக்காதே, கிளம்பு." அது நடிப்பில்லை. பயம் வந்தால் உடம்பில் அட்ரினலின் சுரக்கும். நெஞ்சு படபடக்கும், ஜீரணம் மந்தமாகும், குமட்டும். வலி நிஜமான வலிதான்.

இதற்கு நேர் எதிரான தவறு பாசத்தில் நடப்பது: "சரி கண்ணு, இன்னிக்குப் போக வேண்டாம்." சொன்ன கையோடு வலி குறைந்துவிடும். சிக்கலே அதில்தான் இருக்கிறது. தப்பித்தால் நிம்மதி என்று மூளை பழகிக்கொள்ளும், அடுத்த டெஸ்டுக்கு பயம் இன்னும் பெரிதாக வரும். "வலிக்குதுன்னு தெரியுது. ரெண்டு இட்லி சாப்பிடு, பஸ் ஸ்டாப் வரைக்கும் நானும் வரேன். எப்படி வருதோ எழுதிட்டு வா" என்று சொல்லி அனுப்பிப் பாருங்கள். சாயந்திரம் வந்ததும் மார்க் கேட்கக் கூடாது, அதுதான் கஷ்டம்! விடுமுறையிலும் வலி விடவில்லை, எடை குறைகிறது என்றால் டாக்டரிடம் காட்டுங்கள்.

விடியற்காலை நாலு மணிக்கு எழுப்பி காபி கொடுப்பதை நம் ஆட்கள் விடமாட்டார்கள். பதின்ம வயதில் தூக்கம் வருகிற நேரமே பின்னால் தள்ளிப்போகும். தேவையோ 8 முதல் 10 மணி நேரம். படித்தது மனதில் தங்குவதும் தூக்கத்தில்தான்.

அத்தை பையன் மார்க்கை இழுப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். "இதுல கோட்டை விட்டா வாழ்க்கையே போச்சு" என்பதும் பொய். கர்நாடகத்தில் 2024 முதல் பியூசிக்கு ஒரே வருஷத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட தேர்வுகள், நல்ல மார்க்கை வைத்துக்கொள்ளலாம்.

"செத்துடலாம் போல இருக்கு" என்று பிள்ளை சொன்னால் பேச்சை மாற்றாதீர்கள். தற்கொலை எண்ணம் வருகிறதா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. தனியாக விடாமல் உடனே உதவி தேடுங்கள். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இலவசம், எந்நேரமும் கிடைக்கும், தமிழிலும் பேசலாம். ஓசூர் ரோடு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் பிள்ளைகளுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. "மென்டல் ஆஸ்பத்திரிக்கா?" என்று பாட்டி முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

அங்கே போனதும் "இவன் ராத்திரியெல்லாம் தூங்கறதே இல்ல சார்" என்று நீங்களே ஆரம்பிக்க வேண்டாம். பிள்ளை கன்னடத்தில் பேசினாலும் இங்கிலீஷில் பேசினாலும் அவனே பேசட்டும். வெளியே போகச் சொன்னால் பெஞ்சில் போய் உட்காருங்கள். திரும்பி வரும் வழியில் "என்ன கேட்டாங்க, என்ன சொன்னே" என்று குடையவும் வேண்டாம்.