மலை வழக்கை ஏஐயிடம் கொண்டுபோகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மனுவின் முதல் வரைவை ஏஐயிடம் எழுதி வாங்கும் பழக்கம் நீலகிரி ஜூனியர் வக்கீல்களிடமும் வந்துவிட்டது. வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், நேரம் மிச்சமாகிறது. ஆனால் சில தவறுகள் கட்சிக்காரரின் நிலத்துக்கே வேட்டு வைத்துவிடும்.

முக்கியமானது, ஊரைச் சொல்லாமல் நிலக் கேள்வி கேட்பது. ‘நாற்பது வருடமாக அனுபவத்தில் இருக்கிறார், உரிமை கோரலாமா?’ என்று கேட்டால், தனியார் நிலத்துக்கு 12 ஆண்டு, அரசு நிலத்துக்கு 30 ஆண்டு என்று எதிரிடை அனுபவம் (பிறர் நிலத்தை நீண்ட காலம் வைத்திருந்து உரிமை கோருவது) பற்றி சரளமாக எழுதித் தரும். சமவெளியில் அங்கிருந்து தொடங்கலாம். நீலகிரியின் கூடலூரில் முடியாது. அது ஜென்ம நிலமா (பழைய பரம்பரை நிலவுடைமை முறையில் இருந்ததா), 1969-ஆம் ஆண்டின் கூடலூர் ஜென்ம எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தில் எங்கே வருகிறது, தோட்டக் குத்தகை என்றால் அதன் 17-ஆம் பிரிவு பொருந்துமா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அப்புறம் காடு. காடுகள் பற்றிய புகழ்பெற்ற கோதவர்மன் வழக்கே இந்தப் பக்கத்துக் காடுகள் அழிவதை எதிர்த்துத் தொடங்கியதுதான். நிலம் யாருடையதாக இருந்தாலும், அகராதிப் பொருளில் காடு என்றால் வனப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும் என்று அந்த வழக்கில் 1996 டிசம்பர் 12-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. இத்தனையையும் கேள்வியிலேயே சொல்லுங்கள். சட்டப்பிரிவின் வாசகத்தையும் நீங்களே எடுத்து ஒட்டுங்கள்.

கிரிமினல் பக்கம் ஆபத்து பிரிவு எண்ணில் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் முன்ஜாமீனுக்குப் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 438 போய், புதிய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 482 வந்துவிட்டது. பழைய சட்டத்தில் 482 என்றால் உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரம், இப்போது அது 528. ஏஐ படித்த தீர்ப்புகளில் பெரும்பகுதி பழைய எண்ணில் இருப்பவை. அதனால் இரண்டையும் குழப்பிவிடும். எந்த உயர் நீதிமன்றக் கிளை என்பதையும் விடாதீர்கள்: கொடைக்கானல் வழக்கு மதுரைக்கு, ஊட்டி வழக்கு சென்னைக்கு.

இல்லாத தீர்ப்பை மேற்கோள் காட்டியதற்காக 2023-இல் நியூயார்க்கில் வக்கீல்களுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது. அவர்களில் ஒருவர் ‘இது உண்மையான வழக்கா?’ என்று அந்த ஏஐயிடமே கேட்டார். ஆமாம் என்றது. சரிபார்ப்பை எழுதியவரிடமே விடக் கூடாது. உச்ச நீதிமன்றம், உயர் நீதிமன்றத் தளங்களில் தீர்ப்பைத் திறந்து, அந்தப் பத்தி அங்கே இருக்கிறதா என்று படியுங்கள். வழக்கு உண்மையாக இருந்து பத்தி மட்டும் கற்பனையாக இருப்பதும் உண்டு.

போக்சோ வழக்குக் காகிதங்களை இலவசச் செயலியில் ஏற்றவே ஏற்றாதீர்கள். குழந்தையின் அடையாளம் வெளியே போனால் திரும்ப எடுக்க வழியில்லை. கட்சிக்காரர் நம்பிச் சொன்ன மற்ற ரகசியங்களுக்கும் இதே எச்சரிக்கை வேண்டும்.

கையால் எழுதிய பத்திரங்களை ஏஐ படித்துத் தந்தால் சர்வே எண், ஏக்கர்-சென்ட், நான்கெல்லை மூன்றையும் மூலத்தோடு ஒப்பிட்டே ஆக வேண்டும். ஒருவர் மூலத்தை வாய்விட்டு வாசிக்க, இன்னொருவர் தட்டச்சைப் பார்த்து வரலாம். மலையாளத்தில் எழுதிய பழைய பத்திரம் என்றால், அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்த ஆளை உட்கார வைத்துக்கொண்டுதான் இதைச் செய்ய வேண்டும்.