கையை அசைத்தால் மட்டும் சைகை மொழி ஆகிவிடாது

ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சைகை மொழி சொல்லித்தரலாம் என்று முடிவெடுத்ததும் நான் முதலில் செய்தது, யூடியூபில் கண்ணில் பட்ட ஏ பி சி டி வீடியோவைப் போட்டுக் காட்டியதுதான். இரண்டு வாரம் கழித்து, காது கேளாத ஓர் அம்மா தன் மகளை அழைத்துப்போக வந்தார். பிள்ளைகள் ஆசையாக அவர் முன்னால் போய் நின்று ஒற்றைக் கையால் எழுத்துகளைக் காட்டினார்கள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. நாங்கள் கற்றுக்கொண்டது அமெரிக்கச் சைகை மொழி!

இந்திய சைகை மொழியில் ஆங்கில எழுத்துகளைப் பெரும்பாலும் இரண்டு கைகளாலும் காட்டுவார்கள். ஒரு கையின் கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரல்வரை ஒவ்வொரு நுனியாக மறு கையின் ஆள்காட்டி விரலால் தொட்டால் ஏ, இ, ஐ, ஓ, யூ. டெல்லியில் உள்ள இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் 2018-ல் 3,000 சொற்களோடு ஓர் அகராதி வெளியிட்டது. 2021-ல் அது 10,000 சொற்களாக வளர்ந்தது. வீடியோவாகவே பார்க்கலாம். ஆனாலும் ஊருக்கு ஊர் சில சைகைகள் மாறும். உங்கள் ஊரில் காது கேளாதவர் ஒருவரை வகுப்புக்கு அழைப்பதற்கு ஈடு எதுவுமில்லை.

சரி, அகராதி கிடைத்துவிட்டது. அப்புறம் என்ன தவறு? எழுத்தில் தொடங்குவது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஆங்கில எழுத்துக்கூட்டலே இன்னும் வரவில்லை. அதைக் கையால் செய்து அது யாரிடம் என்ன பேசும்? தண்ணீர், அம்மா, வலிக்கிறது, இன்னும் வேண்டும், விளையாடலாம் என்று அன்றாடம் தேவைப்படுகிற சொற்களை நாளுக்கு இரண்டு மூன்று சொல்லித்தாருங்கள்.

ஆங்கில ரைம்ஸை வைத்துக்கொண்டு வார்த்தைக்கு வார்த்தை கையை அசைப்பது இன்னொன்று. அது அபிநயப் பாட்டு, மொழி அல்ல. சைகை மொழிக்குத் தனி இலக்கணம் உண்டு. "உன் பெயர் என்ன?" என்று கேட்கும்போது 'என்ன' கடைசியில்தான் வரும், நம் தமிழைப் போலவே. ஆமாம், இல்லை என்று பதில் வரும் கேள்வி என்றால் புருவம் உயர வேண்டும். முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு கையை மட்டும் அசைத்தால், கேட்கிறீர்களா சொல்கிறீர்களா என்றே தெரியாது.

ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நிற்காதீர்கள்; வெளிச்சம் பின்னாலிருந்து அடித்தால் உங்கள் முகமும் விரல்களும் இருட்டாகத்தான் தெரியும். பிள்ளைகளை அரைவட்டமாக உட்கார வையுங்கள்.

விரல் சரியாக மடங்கவில்லை என்று பிள்ளையின் கையைப் பிடித்துத் திருத்துவதைப் பார்த்தால் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். வாய்க்கு மழலை இருப்பதுபோல் கைக்கும் மழலை உண்டு. கடினமான விரல் வடிவத்துக்குப் பதிலாக எளிய ஒன்றைப் பிள்ளை போடும். நீங்கள் சரியாகச் செய்துகொண்டே இருங்கள், தானாக வரும்.

வகுப்பில் காது கேளாத பிள்ளை இருந்தால், அதை முன்னால் நிறுத்தி "செய்து காட்டு" என்று தினமும் சொல்லாதீர்கள். அது காட்சிப்பொருள் இல்லை. பக்கத்தில் இருக்கும் பிள்ளை அதன் தோளைத் தொட்டு, முகம் திரும்பியதும், ரப்பர் தருகிறாயா என்று கையால் கேட்கப் பழகட்டும்.