இரத்தம் உறைவதை வரையும்போது நேரும் பிழைகள்

இரத்தம் உறைதலைப் படம் போடாமல் யாரும் கற்பிப்பதில்லை. பாடத்தின் வரிகள் மறந்துபோகும், படம் மறக்காது. வம்பே அங்குதான். படத்தில் தப்பாகப் பதிந்தது தேர்வுத்தாளுக்கும் வரும், பின்னர் ஆய்வகத்துக்கும் வரும். பாடநூலுக்கு வரையும் ஓவியர், வகுப்பில் மாணவர்களை வரையச் சொல்லும் ஆசிரியர், அப்படி வரைவதால் பலன் உண்டா என்று ஆராய்பவர் ஆகிய மூவரும் திரும்பத் திரும்பச் செய்யும் பிழைகள் இவை.

அளவை முடிவு செய்யாமல் பென்சிலைத் தொடுவது

பெரும்பாலான படங்களில் தட்டணுவும் (பிளேட்லெட்) சிவப்பணுவும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். உறைந்த இரத்தத்தை வலை போலப் பிடிக்கும் ஃபைப்ரின் புரத இழை கயிறு போலத் தடித்திருக்கும். மூலையில் ஒரு வெள்ளையணு கட்டாயம் உட்கார்ந்திருக்கும். மூன்றுமே தவறு.

ஒரு மைக்ரோமீட்டரை ஒரு மில்லிமீட்டராக வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் மடங்கு பெருக்கம், கணக்கும் எளிது. சிவப்பணுவின் விட்டம் 7 முதல் 8 மி.மீ., தட்டணு 2 முதல் 3 மி.மீ., வெள்ளையணுவில் ஒரு வகையான நியூட்ரோஃபில் 12 முதல் 15 மி.மீ. என்று வரும். 100 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள சிறு இரத்தக்குழாய் 100 மி.மீ. அகலமாகும், ஏ4 தாளின் அகலத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவு. ஃபைப்ரின் இழையின் தடிமன் ஏறத்தாழ 100 நானோமீட்டர், அதாவது தாளில் 0.1 மி.மீ. நுண்முனைப் பேனாவின் ஒற்றைக் கீறல் போதும். இழையை அதைவிடத் தடிமனாகப் போட்டால், சிவப்பணுக்கள் கம்பிவேலியில் சிக்கிய பந்துகள் போல ஆகிவிடும். ஃபைப்ரினாக மாறும் ஃபைப்ரினோஜன் மூலக்கூறின் நீளமோ 45 நானோமீட்டர்தான். இந்த அளவில் அதை வரையவே முடியாது. அதற்குப் பக்கத்தில் தனி வட்டம் போட்டு, வேறு பெருக்கத்தில் காட்ட வேண்டும். இரத்த அணுவையும் மூலக்கூறையும் ஒரே சட்டத்துக்குள் மிதக்க விடுவதுதான் பாடநூல்களின் நிரந்தர நோய்.

எண்ணிக்கையிலும் இதே கவனம் தேவை. ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் சிவப்பணுக்கள் ஏறத்தாழ 50 லட்சம், தட்டணுக்கள் 1.5 முதல் 4.5 லட்சம், வெள்ளையணுக்கள் 4,000 முதல் 11,000. நூறு சிவப்பணுக்கள் வரைந்தால் தட்டணுக்கள் ஐந்தாறு வரும். வெள்ளையணு ஒன்று வரைய ஏழெட்டு நூறு சிவப்பணுக்கள் வேண்டும். ஆகவே காயமில்லாத குழாயின் படத்தில் அதை விட்டுவிடலாம். தட்டணுக்களைக் குழாய் முழுக்கத் தூவவும் கூடாது. ஓட்டத்தில் சிவப்பணுக்கள் நடுவில் நெருங்கி, தட்டணுக்களைச் சுவரோரம் ஒதுக்குகின்றன. காயம் பட்ட மறுநொடியே அவை சுவரில் ஒட்ட முடிவது அதனால்தான். இந்த ஓரத்தை வரையாவிட்டால் பாடத்தின் பாதி காரணமே தாளில் இல்லை.

எப்போதும் முள்ளாக நிற்கும் தட்டணு

ஓய்வில் இருக்கும் தட்டணு வழவழப்பான தட்டு. பக்கவாட்டில் பார்த்தால் மெல்லிய துவரை போல. உட்கரு கிடையாது. தூண்டப்பட்ட பிறகுதான் உருண்டு, முள் போன்ற நீட்சிகளை விடும். படத்தில் எல்லாவற்றுக்கும் முள் வைத்துவிட்டால், தூண்டப்பட்டது எது, படாதது எது என்று மாணவருக்கு எப்படித் தெரியும்? ஓட்டத்தில் இருப்பதைத் தட்டாகவும், சுவர் கிழிந்து வெளிப்பட்ட கொலாஜன் புரதத்தின் மீது வான் வில்லிபிராண்ட் காரணி என்ற ஒட்டுப் புரதம் வழியாக ஒட்டியதை முள்ளோடும் வரையுங்கள்.

சிவப்பணுவின் நடுவில் ஓட்டை இல்லை, பள்ளம்தான். உளுந்து வடை போல வரைவது தவறு. பக்கவாட்டில் அது நடு ஒடுங்கிய உடுக்கை போலத் தெரியும். இன்னொன்று, பலர் கவனிக்காதது: இரத்தக்கட்டி சுருங்கிய பிறகும் சிவப்பணுவை உருண்டையாகவே வரைகிறார்கள். தட்டணுக்கள் ஃபைப்ரின் இழைகளைப் பிடித்து இழுக்க இழுக்க, உள்ளே சிக்கிய சிவப்பணுக்கள் ஒன்றோடொன்று நெருக்கிப் பல முகங்கள் கொண்ட கட்டைகளாகின்றன. நுண்நோக்கியில் தேனடையை வெட்டிப் பார்த்தது போல இருக்கும். ஃபைப்ரினும் தட்டணுக்களும் பெரும்பாலும் வெளிப்புறம் திரள்கின்றன. இந்த அமைப்பு 2014-ல்தான் விரிவாக விளக்கப்பட்டது. பழைய படத்தைப் பார்த்து நகல் எடுப்பவர் கையில் இது வராது.

சுருங்கும்போது பிதுங்கி வரும் நீரைப் 'பிளாஸ்மா' என்று குறிப்பதும் அடிக்கடி நடக்கிறது. அது சீரம். நிறம் இரண்டுக்கும் ஒரே வைக்கோல் மஞ்சள்தான். ஆனால் சீரத்தில் ஃபைப்ரினோஜன் செலவாகிவிட்டிருக்கும்.

அருவிப் படம்

அதிகக் குழப்பம் விளைவது இந்தப் படத்தில்தான். 1964-ல் இங்கிலாந்தில் மேக்ஃபர்லேனும், அமெரிக்காவில் டேவியும் ராட்னாஃபும் தனித்தனியே முன்வைத்தது: ஒரு காரணி (உறைதலை நடத்தும், எண்ணால் குறிக்கப்படும் புரதம்) அடுத்ததைத் தூண்ட, அது அதற்கடுத்ததைத் தூண்ட, அருவி போல இறங்கும் வரிசை. அதிலிருந்து வந்தது இரண்டு கிளைகள் கொண்ட படம். இடப்பக்கம் 12, 11, 9, 8. வலப்பக்கம், காயத்தில் வெளிப்படும் திசுக் காரணியும் 7-உம். இரண்டும் 10-இல் சேரும். கண்ணாடிக் குழாயில் நடக்கும் பி.டி., ஏ.பி.டி.டி. என்ற, உறையும் நேரத்தை அளக்கும் பரிசோதனைகளைப் புரிந்துகொள்ள இது அருமையான படம். உடம்பில் நடப்பதாக இதையே வரைவதுதான் பிழை.

எங்கே உடைகிறது என்று பாருங்கள். இரண்டு கிளைகளும் தனித்தனி வழிகள் என்றால், 8 குறைந்த ஹீமோஃபீலியா நோயாளிக்கு வலப்பக்கக் கிளை முழுசாக இருக்கிறதே, ஏன் இரத்தம் நிற்பதில்லை? நல்ல மாணவர் கட்டாயம் கேட்பார். படத்தில் பதில் இருக்காது. இடப்பக்கத்தின் உச்சியில் நிற்கும் 12 இல்லாவிட்டாலோ இரத்தக்கசிவு நோயே வருவதில்லை. அதற்கு ஹேகிமன் காரணி என்று பெயர் வரக் காரணமான நோயாளி 1968-ல் இறந்தது நுரையீரல் தமனியை இரத்தக்கட்டி அடைத்ததால்.

திருத்தம் ஒரே ஒரு அம்புக்குறி: திசுக் காரணியும் தூண்டப்பட்ட 7-உம் சேர்ந்த இணையிலிருந்து 9-க்கு ஒரு கோடு. இந்த இணை 10-ஐத் தூண்டி, ஃபைப்ரினோஜனை ஃபைப்ரினாக்கும் நொதியான த்ராம்பினைக் கொஞ்சம் உண்டாக்கும். ஆனால் திசுக் காரணி வழித் தடுப்பான் அந்த இணையை விரைவில் அடக்கிவிடும். அந்தக் கொஞ்சம் த்ராம்பின் 5, 8, 11 ஆகியவற்றையும் தட்டணுக்களையும் தூண்டிவிடுகிறது. அதன்பின் தட்டணுவின் பரப்பில் 9-உம் 8-உம் சேர்ந்து 10-ஐப் பெருமளவில் தூண்ட, 10-உம் 5-உம் சேர்ந்து த்ராம்பினைப் பொங்க வைக்கின்றன. 8 இல்லையென்றால் பொறி உண்டு, தீ இல்லை. ஆகவே படத்துக்குத் தேவை: கீழிருந்து மேலே திரும்பும் த்ராம்பின் அம்புகள், வினை நடக்கும் இடமாகத் தட்டணுவின் சவ்வு, அதன் மேல் கால்சியம். வெற்றுத் தாளில் எண்கள் மட்டும் மிதந்தால் வினை எங்கே நடக்கிறது என்பதே தெரியாது.

அம்புக்குறிகளைக் கலப்பது தனி வில்லங்கம். ஒரு பொருள் இன்னொன்றாக மாறுவதற்கு ஒரு வகை; ஒரு நொதி அந்த மாற்றத்தை நடத்துவதற்கு வேறு வகை; தடுப்பதற்கு, முனையில் குறுக்குக்கோடு. புரோத்ராம்பினிலிருந்து த்ராம்பினுக்கு நேர்க்கோடு போட்டால், 10-இலிருந்து வரும் கோடு அந்த அம்பின் நடு உடலைத் தொட வேண்டும், புரோத்ராம்பினைத் தொடக்கூடாது. தொட்டால், 10-தான் த்ராம்பினாக மாறுகிறது என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார். 5-உம் 8-உம் நொதிகள் அல்ல, துணைக்காரணிகள். வரிசைக்குள் நிறுத்தாமல் பக்கத்தில் ஒட்டி வரையுங்கள். 6 என்று ஒரு காரணி பட்டியலில் இல்லை. எண் விடுபட்டதாக நினைத்து அதை நிரப்பிய படங்களும் உண்டு. ஆன்டித்ராம்பின், புரோட்டீன் சி ஆகிய தடுப்பான்களை இடமில்லை என்று விட்டுவிடாதீர்கள். அவை இல்லாத படத்தின்படி, விரலில் பட்ட சிறு கீறலால் உடம்பு முழுக்க இரத்தம் உறைந்துவிட வேண்டும்.

நிறம்

ஃபைப்ரின் மஞ்சள், தட்டணு ஊதா, சிவப்பணு கருஞ்சிவப்பு என்று பளபளக்கும் படங்கள் மின்னணு நுண்நோக்கியில் எடுத்தவை. அந்தக் கருவிக்கு நிறமே தெரியாது. கணினியில் பிறகு பூசியவை அவை. தட்டணுவின் ஊதா, லீஷ்மன் போன்ற சாயம் ஏற்றிய பூச்சில் வருவது. எந்த நிறத்தையும் பயன்படுத்தலாம், குறி விளக்கத்தில் 'நிறங்கள் அடையாளத்துக்கு மட்டும்' என்று எழுதினால். சிரை இரத்தத்தை நீலமாகப் போட்டாலும் அந்த வரி வேண்டும். உண்மையில் அது அடர்சிவப்பு.

தூண்டலுக்குப் பச்சை, தடுப்புக்குச் சிவப்பு என்று நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். சிவப்பு, பச்சை பிரித்தறிய இயலாதவர் எந்த வகுப்பிலும் இருக்கக்கூடும். நீலமும் ஆரஞ்சும் போட்டு, கோட்டின் முனையிலும் வேறுபாடு காட்டினால் போதும்.

நீர்வண்ணத்தில் கட்டியைத் தீட்டும்போது சிவப்போடு கறுப்பைக் கலந்தால் சேறு போல மங்கும். முதலில் இளஞ்சூடான சிவப்பை நீர்க்கப் பூசி, முழுவதும் காயவிட்டு, அதன் மேல் கருஞ்சிவப்பில் துளி அல்ட்ராமரின் நீலம் சேர்த்து மெல்லிய படலமாக ஏற்றுங்கள். இரண்டு, மூன்று படலங்களில் ஆழம் வரும். ஈரப் பளபளப்புக்கு வெள்ளை தொட வேண்டாம்; தாளையே அந்த இடத்தில் விட்டுவையுங்கள். அசல் அலிசரின் கிரிம்சன் வெளிச்சத்தில் வெளிறிவிடும். சுவரில் மாட்டப்போகும் படத்துக்கு அதன் நிலையான மாற்று வண்ணத்தை வாங்குங்கள். தமனிக் கட்டி தட்டணுக்கள் மிகுந்து வெளிறியிருக்கும், சிரைக் கட்டி சிவந்திருக்கும். இரண்டுக்கும் ஒரே கலவையைத் தீட்டக்கூடாது.

வகுப்பில்

முழுப் படத்தைக் கொடுத்து வண்ணம் தீட்டச் சொன்னால் கை வேலை செய்யும், மூளை வேலை செய்யாது. பார்த்து நகல் எடுப்பதும் ஏறக்குறைய அப்படித்தான். பத்து நிமிடம் படிக்கட்டும், புத்தகத்தை மூடட்டும், நினைவிலிருந்து பென்சிலில் பத்து நிமிடம் வரையட்டும், பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டதையும் பிழையையும் வேறு நிறப் பேனாவில் திருத்தட்டும். அழிப்பான் வேண்டாம். திருத்திய கோடுகளைப் பார்த்தால் எந்த இடத்தில் வகுப்பே சறுக்கியது என்று ஆசிரியருக்கு இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

மதிப்பெண் அழகுக்குப் போவதுதான் இங்கே பெரிய அநியாயம். தட்டணு சுவரோரம் இருக்கிறதா, 7-இலிருந்து 9-க்குக் கோடு உண்டா, த்ராம்பின் திரும்பிப் பாய்கிறதா, தடுப்பான் ஒன்றாவது இருக்கிறதா என்று எட்டுப் பத்து கேள்விகளை முன்பே எழுதிவைத்து, ஆம், இல்லை என்று மட்டும் பார்க்க வேண்டும். கோணலான வட்டத்துக்கு மதிப்பெண் குறையக்கூடாது.

பலனை ஆராயும்போது

வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் வாம்ஸும் உடன் ஆய்வாளர்களும் 2016-ல் வெளியிட்ட சோதனைகளில், சொற்களை எழுதியவர்களைவிட வரைந்தவர்கள் அதிகம் நினைவுகூர்ந்தார்கள். அதை வைத்து 'வரைந்தால் உறைதல் நன்றாகப் புரியும்' என்று தாவுவது தவறு. அங்கே சோதித்தது தனிச்சொற்களின் நினைவை. இங்கே கேட்பது காரணத் தொடரின் புரிதலை. தனியாகத்தான் சோதிக்க வேண்டும்.

அப்படிச் சோதிப்பவர்கள் வழுக்கும் இடம் நேரம். வரையும் குழுவுக்கு நாற்பது நிமிடம், படிக்கும் குழுவுக்கு இருபது என்றால் வென்றது வரைதல் அல்ல, கடிகாரம். ஒப்பீட்டுக் குழுவும் அதே பாடத்தை அதே நேரம், சுருக்கம் எழுதுவது போன்ற ஒரு வேலையோடு படிக்க வேண்டும். முப்பது பேர் கொண்ட ஒரு வகுப்பு முழுவதையும் வரைய விட்டு, இன்னொரு வகுப்பு முழுவதையும் எழுத விட்டால், அறுபது பேரை ஆராய்ந்ததாக எழுத முடியாது. ஒப்பிட்டது இரண்டே வகுப்புகளை. வேறுபாடு ஆசிரியரால்கூட வந்திருக்கலாம். வகுப்புக்குள்ளேயே சீட்டுக் குலுக்கிப் பிரியுங்கள். தாள்களைத் திருத்தும் இருவருக்கும் எது எந்தக் குழுவின் தாள் என்று தெரியக்கூடாது. இருவரும் தனித்தனியே திருத்தி, எவ்வளவு ஒத்துப்போனார்கள் என்பதைக் கப்பா மதிப்பாக (தற்செயலான ஒற்றுமையைக் கழித்த அளவு) கொடுக்க வேண்டும். 'பிடித்திருந்தது' என்று மாணவர் சொன்னதைக் கற்றலின் அளவாக எழுதுவதும் நிறைய நடக்கிறது. அதே நாள் தேர்வோடு நிறுத்தாமல் ஒரு வாரம் கழித்தும் வையுங்கள்.

கடைசித் தேர்வில் அருவிப் படத்தைக் கொடுத்துப் பாகம் குறிக்கச் சொன்னால், வரைந்த குழு ஏற்கனவே ஒத்திகை பார்த்ததையே திரும்பச் செய்யும். அதற்குப் பதில் '11 குறைந்த ஒருவருக்கு எந்தப் பரிசோதனை நீளும், ஏன்?' என்று படமில்லாமல் கேளுங்கள்.