கட்டாயம் நீங்கிய பின் வீட்டுக்குள் நடக்கும் தவறுகள்

எங்கள் வீட்டுச் செருப்பு அலமாரியின் மேல் வீட்டிலேயே கொவிட் சோதனை செய்துகொள்ளும் ஓர் ஏஆர்டி பெட்டி வெகுநாளாகக் கிடந்தது. ஒரு தீபாவளிக்கு முதல் நாள், மகன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே பள்ளியிலிருந்து வந்தபோது அதைத் தேடி எடுத்தோம். காலாவதித் தேதி கடந்து பல மாதங்கள் ஆகியிருந்தன. பரவாயில்லை என்று மூக்கு நுனியில் ஒரு சுற்றுச் சுற்றிச் சோதித்ததில், தொற்று இல்லை என்பதைக் குறிக்கும் ஒரே கோடு தெரிந்தது. அதை நம்பி மறுநாள் காலை புத்தாடை உடுத்திக்கொண்டு, 78 வயதான, நீரிழிவுள்ள என் மாமியாரின் வீட்டுக்குப் போனோம். இரண்டு நாள் கழித்துப் புதிய பெட்டி வாங்கிச் சோதித்தபோது மகனுக்கு இரண்டு கோடுகள். அதற்கு மறுநாள் மாமியாருக்கும் காய்ச்சல். நல்லவேளையாக அவர் தேறிவிட்டார். ஆனால் கொள்ளைநோய் ஓயும் காலத்தில் பலரும் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவற்றை அந்த ஒரு காலைப்பொழுதில் நாங்கள் ஒருசேரச் செய்திருந்தோம்.

எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது, விதி நீங்கியதை ஆபத்து நீங்கியதாக எடுத்துக்கொண்டதுதான். சிங்கப்பூரில் கொவிட் கட்டாயங்கள் ஒரேயடியாகப் போகவில்லை. 2022 மார்ச் 29 முதல் வெளியிடங்களிலும், அதே ஆண்டு ஆகஸ்ட் 29 முதல் பெரும்பாலான உள்ளிடங்களிலும் முகக்கவசம் அவரவர் விருப்பத்துக்கு விடப்பட்டது. 2023 பிப்ரவரி 13 அன்று பேருந்திலும் எம்ஆர்டி ரயிலிலும் அது கட்டாயமில்லை என்றானது, நோய்ப்பரவல் எச்சரிக்கை அளவான டோர்ஸ்கான் மிகக் குறைந்த பச்சை நிலைக்கு இறங்கியது, கொவிட்டைக் கையாண்ட அமைச்சுகள்நிலைப் பணிக்குழுவும் கலைந்தது. அவ்வாண்டு மே 5 அன்று உலகச் சுகாதார நிறுவனம் அனைத்துலக நெருக்கடிநிலை முடிந்ததாக அறிவித்தது. தடுப்பூசியாலும் முன்பே தொற்றியதாலும் மக்களில் பெரும்பாலோருக்கு எதிர்ப்பாற்றல் இருக்கிறது, மருத்துவமனைகள் சமாளித்துவிடும் என்ற கணக்கில் எடுக்கப்பட்ட முடிவுகள் அவை. கிருமி ஊரைவிட்டுப் போய்விட்டது என்று யாரும் சொல்லவில்லை. அந்த டிசம்பரில், 3 முதல் 9ஆம் தேதி வரையிலான ஒரு வாரத்தில் மட்டும் 56,000க்கும் அதிகமானோருக்குத் தொற்று ஏற்பட்டதாகச் சுகாதார அமைச்சு மதிப்பிட்டது. நாட்டுக்கு மொத்தமாகப் போட்ட கணக்கு என் மாமியாருக்கும் பொருந்துமா என்று நாங்கள் கேட்டுக்கொள்ளவே இல்லை.

அடுத்தது சோதனை. ஏஆர்டி பொய் சொல்வதில்லை. நாம்தான் அது சொல்லாததை எல்லாம் கேட்டுக்கொள்கிறோம். எதிர்ப்பாற்றல் உள்ள உடல் கிருமி பெருகுவதற்கு முன்பே மூக்கொழுகல், தொண்டைக்கரகரப்பு என்று எதிர்வினை காட்டத் தொடங்கிவிடுவதால், முதல் நாளில் மூக்கில் உள்ள கிருமியின் அளவு கோடு காட்டப் போதாமல் இருக்கலாம். ஆகவே அறிகுறி இருக்கும்போது வரும் ஒற்றைக் கோடு ஒரு முடிவாகாது. 48 மணி நேரம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். பஞ்சுக்குச்சியை நாசித் துவாரத்தின் ஓரத்தில் தொட்டு எடுப்பதும், முடிவைக் குறிப்பிட்ட நிமிடங்களில் பார்க்காமல் சமைத்துவிட்டு வந்து பார்ப்பதும், தேதி கடந்த பெட்டியைச் சிக்கனம் கருதிப் பயன்படுத்துவதும் அந்தக் கோட்டின் மதிப்பை இன்னும் குறைத்துவிடுகின்றன.

கொவிட் இல்லை என்றாலே நோய் இல்லை என்றும் பொருளல்ல. சளிக்காய்ச்சல் (இன்ஃபுளுவென்சா) கொவிட் ஏஆர்டியில் தெரியாது, டெங்கியும் தெரியாது. எல்லாரும் கொவிட்டையே பார்த்துக்கொண்டிருந்த 2020ஆம் ஆண்டில்தான் இங்கே 35,000க்கும் மேற்பட்டோருக்கு டெங்கி கண்டது. இருமலோ சளியோ இல்லாமல் காய்ச்சலும் உடம்புவலியும் மட்டும் இருந்தால், ஆஸ்பிரின், ஐபுபுரோஃபன் போன்றவை டெங்கியில் இரத்தக்கசிவை அதிகமாக்கக்கூடும் என்பதால் அவற்றைத் தொடாமல் மருத்துவரைப் பார்ப்பதே சரி.

‘கொவிட் என்று தெரிந்து என்ன ஆகப்போகிறது, எப்படியும் ஓய்வுதானே’ என்று கேட்பவர்கள் உண்டு. இளைஞருக்கு அது ஓரளவு சரி. முதியவருக்கும் நாள்பட்ட நோயாளிக்கும் அது தவறு, ஏனென்றால் பேக்ஸ்லோவிட் போன்ற கொவிட் மாத்திரையை அறிகுறி தொடங்கிய 5 நாளுக்குள் ஆரம்பித்தாக வேண்டும். சிம்வாஸ்டாட்டின் போன்ற சில கொழுப்பு மாத்திரைகளோடு அதைச் சேர்த்து உட்கொள்ளக்கூடாது என்பதால், அன்றாடம் சாப்பிடும் மருந்துகளின் பட்டியலையும் மருந்தகத்துக்குக் கையோடு கொண்டுபோக வேண்டும். என் மாமியாரின் பட்டியல் பலதுறை மருந்தகத்தின் (பாலிகிளினிக்) நெகிழிப்பைகளில் சிதறிக் கிடந்தது. அதைத் தொகுத்து எழுதவே எங்களுக்கு அரை நாள் ஆனது.

காற்றை மறந்துவிட்டு மேசையைத் துடைப்பது இன்னொரு பழக்கம். அன்று முறுக்குத் தட்டு வைத்திருந்த மேசையை நான் இரண்டு முறை கிருமிநாசினி போட்டுத் துடைத்தேன். ஆனால் வெயில் என்று சன்னல்களைச் சாத்தி, குளிர்சாதனத்தைப் போட்டு, பதினோரு பேர் ஒரே கூடத்தில் மூன்று மணி நேரம் இருந்தோம். வீடுகளில் சுவரில் மாட்டும் குளிர்சாதனப் பெட்டி வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை, அறையில் இருக்கும் காற்றையே குளிர்வித்துத் திருப்பி அனுப்புகிறது. வீவக அடுக்குமாடி வீட்டில் சன்னலையும் வாசற்கதவையும் ஒருசேரத் திறந்துவைத்து மின்விசிறியைப் போட்டாலே காற்று குறுக்கே ஓடும். கைகழுவுவது வீண் என்று இதற்குப் பொருளில்லை. குழந்தைப் பராமரிப்பு நிலையங்களில் அடிக்கடி பரவும் கை, கால், வாய்ப்புண் நோய்க்குச் சானிட்டைசரைவிடச் சவர்க்காரமும் தண்ணீருமே மேல்.

முகக்கவசத்தை இடம் மாற்றி அணிவதையும் கவனித்திருக்கிறேன். நலமாக இருக்கும்போது எம்ஆர்டியில் அணிந்துவருபவர், இருமலோடு பெரியவர் அறைக்குள் போகும்போது, சொந்த வீடுதானே என்று கழற்றிவிடுகிறார். உண்மையில் அது மிகவும் தேவைப்படுவது அப்போதுதான். பேசுவதற்கு வசதியாகத் தாடைக்கு இறக்குவதையும், கைப்பையில் கசங்கிக் கிடந்ததை நான்காம் நாளும் எடுத்து மாட்டுவதையும் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை.

ஊரிலிருந்து வாங்கிவந்து அலமாரியில் சேர்த்துவைக்கும் ஆன்டிபயாட்டிக் மாத்திரைகளும் இந்தக் கணக்கில் சேரும். அவை வைரஸை ஒன்றும் செய்யாது. பாதியில் நிறுத்திய பழைய அட்டையை எடுத்துப் போடுவது பின்னாளில் உண்மையான தேவை வரும்போது நமக்கே பாதகமாகலாம். கசாயம் தொண்டைக்கு இதம், நானும் குடிப்பேன். ஆனால் குடித்தவரிடமிருந்து நோய் பரவாது என்பதற்கு அது உத்தரவாதம் ஆகாது. வேலையிடத்தில், ‘ஒரு பனடோல் போட்டேன், காய்ச்சல் இறங்கிவிட்டது’ என்று வந்து உட்காருவதும் இதே வகைதான். ஆறு மாதம் பணிபுரிந்த ஊழியருக்குச் சட்டப்படி ஆண்டுக்கு 14 நாள் சம்பளத்துடன் கூடிய மருத்துவ விடுப்பு உண்டு. எம்சி எடுப்பவரைச் சோம்பேறியாகப் பார்க்கும் பார்வை கொள்ளைநோய்க் காலத்தில் சற்றே மறைந்து, இப்போது மீண்டும் தலைகாட்டுகிறது. ஓடினால்தான் வருமானம் என்ற நிலையில் உள்ள உணவு விநியோக ஓட்டுநரிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

தடுப்பூசி விஷயத்தில், 2021இல் போட்டது இன்றும் காக்கும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. கடுமையாக நோய்வாய்ப்படாமல் காக்கும் ஆற்றல் கூடுதல் காலம் நிற்கும். தொற்றையே தடுக்கும் ஆற்றல் சில மாதங்களில் தேய்ந்துவிடும். சளிக்காய்ச்சல் தடுப்பூசியோ கிருமி மாறுவதற்கேற்ப மாற்றப்படுவதால் 65 வயதைக் கடந்தவர்கள் ஆண்டுதோறும் போட்டுக்கொள்ள வேண்டும். அரசாங்கத்தின் நோய்த்தடுப்புத் திட்டமான ஹெல்தியர் எஸ்ஜியில் பதிந்துகொண்ட, தகுதிபெறும் சிங்கப்பூரர்களுக்குப் பரிந்துரைக்கப்பட்ட தடுப்பூசிகள் இலவசம். இங்கே சளிக்காய்ச்சல் ஆண்டு முழுதும் இருந்தாலும், ஆண்டின் நடுப்பகுதியிலும் ஆண்டிறுதியை ஒட்டியும் கூடுவது வழக்கம். நாம் ஊருக்குப் புறப்படும் ஜூன், டிசம்பர் விடுமுறைகளும் அப்போதுதான் வருகின்றன. விமானம் ஏறுவதற்கு முதல் நாள் போட்டுக்கொண்டால் போதாது, எதிர்ப்பாற்றல் உருவாக ஏறத்தாழ இரண்டு வாரம் வேண்டும்.

நம்மவர்களிடம் கடைசியாக நிற்கும் தடை தயவுதாட்சண்யம். மின்தூக்கியில் முகக்கவசத்தோடு நிற்பவரிடம் ‘இன்னுமா?’ என்று கேட்டுச் சிரிக்கத் தெரிந்த நமக்கு, பண்டிகை நாளில் ‘பிள்ளைக்குச் சளி, நாங்கள் வரட்டுமா?’ என்று கேட்கத் தெரிவதில்லை. கேட்டுவிட்டாலும், வராதே என்று சொல்லப் பெரியவர்களுக்கு மனம் வருவதில்லை. சிரிக்கப்பட்டவர் புற்றுநோய்ச் சிகிச்சையில் இருக்கலாம், அல்லது அப்படி ஒருவருக்குச் சோறூட்டப் போய்க்கொண்டிருக்கலாம்.

அந்தத் தீபாவளிக்குப் பின் வந்த பொங்கலுக்கு முதல் நாள், மாமியாரே முந்திக்கொண்டு தொலைபேசியில் அழைத்தார். “பிள்ளைக்குச் சளி கிளி இருந்தா மறைக்காம சொல்லும்மா. பொங்கலை டப்பாவில போட்டுக் கதவுக் கம்பியில மாட்டி வைக்கிறேன், எடுத்துட்டுப் போ,” என்றார்.